இரும்பில்லாத வீட்டில் அருந்ததி

அருந்ததி வீட்டு வாசற் படலையடியில் ஒரு மண்பானை இருந்தது. உள்ளே போகிறவர்கள் தங்களிடம் உள்ள இரும்பையெல்லாம் அதற்குள் போட்டுவிட்டுப் போக வேண்டும். பூட்டுத் திறப்புக் கோர்வை, பேனாக்கத்தி, சட்டை ஊசி, எல்லாமே. சைக்கிள் மதிலுக்கு வெளியே நிற்கும். நான் தாதியாக முதல் நாள் போனபோது என் கொண்டை ஊசிகளையும் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். பிறகு என் கைப்பையைத் திறந்து ஒவ்வொரு பொருளிலும் சின்னக் காந்தத் துண்டு ஒன்றை வைத்துப் பார்த்தாள். மருந்துக் கிண்ணத்தில் காந்தம் ஒட்டவில்லை. அது உள்ளே வரலாம். கத்தரிக்கோலில் ஒட்டியது, அது பானைக்குள் போனது. அன்றிலிருந்து கட்டுத் துணிகளை என் வீட்டிலேயே வெட்டி மடித்துக்கொண்டு போவேன்.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இதற்குப் பல விளக்கங்கள் இருந்தன. புதையல் தேடுகிறாள் என்றார்கள் சிலர். கலியாணம் ஆகாததால் தலை பிசகிவிட்டது என்றார்கள் வேறு சிலர். நான், ஊர் மிஸி என்று கூப்பிடும் தாதி, வார்டுகளில் என் காலத்தைக் கழித்தவள். தலை பிசகியவர்களைப் பார்த்திருக்கிறேன். அருந்ததிக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவள் கல் அளந்தாள்.

அவளுடைய தகப்பன் பஞ்சலிங்கம் ரயில் பாதைப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தண்டவாளத்தின் வழியே நடந்து, எங்கே சல்லிக்கல் இறங்கியிருக்கிறது, தண்டவாளத்தைத் தாங்கும் எந்தச் சிலிப்பர்க் கட்டை உக்கிவிட்டது என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. அருந்ததியின் தாய், பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்திலேயே இறந்துவிட்டார். தகப்பனின் தமக்கை இரத்தினம்மா, விதவை, உதவிக்கு என்று வந்து குசினியையும் சமையலையும் பொறுப்பெடுத்தார். பிறகு திரும்பிப் போகவில்லை. இந்த மூன்று பேர்தான் அந்த வீடு.

அருந்ததி பௌதிகம் படித்தாள். புலமைப்பரிசில் கிடைத்து இங்கிலாந்தின் வடபகுதியில் ஓர் ஊருக்குப் போனாள். அங்கே அவள் செய்தது காந்தப் படலங்கள். கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் உலோக ஆவியைப் படியவிட்டால் மெல்லிய தோல் மாதிரி ஒரு படலம் வரும். அப்படி ஆயிரம் படலத்தை அடுக்கினால்தான் ஒரு தலைமயிரின் தடிப்பு வருமாம். அவ்வளவு மெல்லிய பொருளின் காந்தத்தை எப்படி அளப்பது என்று நான் கேட்டேன். தொங்கவிட்டு, என்றாள். படலத்தை மிக நுண்ணிய இழை ஒன்றில் தொங்கவிட்டு, பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனால் அது கொஞ்சம் முறுகும். அந்த முறுகலைக் கண்ணால் காண முடியாது. ஆனால் இழையில் ஒரு சின்னக் கண்ணாடியை ஒட்டி, அதில் வெளிச்சத்தைப் பட்டுத் தெறிக்க வைத்தால், எதிர்ச் சுவரில் அந்த ஒளிப்புள்ளி விரற்கடை அளவு நகரும். அதை அளக்கலாம்.

1983இல், கலவரத்துக்குப் பயந்து ஆட்கள் வெளிநாடு போகத் தொடங்கிய வருடத்தில், அவள் திரும்பி வந்தாள். ஏன் வந்தாய் என்று கேட்டவர்களுக்கு, படிப்பு முடிந்தது வந்தேன் என்று மட்டும் சொன்னாள். பெண்கள் பாடசாலை ஒன்றில் ஆசிரியை வேலை. பின்னேரங்களில் நல்லூரில் ரியூசன். கொண்டுவந்த பெட்டிகளில் உடுப்பு ஒன்றில்தான் இருந்தது. மற்றவற்றில் கண்ணாடி மணி ஒன்று, காற்றை உறிஞ்சும் பம்பு ஒன்று, பழைய ஆய்வுகூடத்தில் கழித்துவிட்ட காந்தத் துண்டுகள். வீட்டிலேயே படலம் செய்யப் பார்த்தாள். பம்பு பாதி நாள் நிற்காமல் ஓட வேண்டும்; இங்கே கரண்ட் அவ்வளவு நேரம் நிற்பதில்லை. பாதியில் நின்ற படலங்கள் நகப்பூச்சு மாதிரி உரிந்து வந்தன. இரண்டு வருடம் பார்த்துவிட்டுப் பம்பைத் துணியால் மூடி வைத்தாள். புலம்பவில்லை.

கற்கள் வந்தது தகப்பன் வழியாக. வவுனியாவுக்கு அப்பால் ரயில் பாதைக்குச் சல்லி உடைக்கும் ஓர் இடத்தில், சாம்பல் நிறப் பாறையை ஊடறுத்துக்கொண்டு ஒரு கறுப்புக் கல் நரம்பு ஓடுகிறது என்று அவர் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார். உடைக்கிறவர்களுக்கு அது தொல்லை, உளி மழுங்குகிறது என்று திட்டுவார்களாம். அடுத்த லீவில் தகப்பனும் மகளும் ரயிலேறிப் போய், முப்பதுக்குக் கிட்டக் கற்களைப் பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். பெயர்க்கும் முன் ஒவ்வொரு கல்லிலும் வடக்கு எது, மேற்பக்கம் எது என்று அம்புக்குறி கீறினாள். அம்மி கொத்துகிறவர் ஒருவர் அவற்றைச் சின்னச் சின்னச் சதுரங்களாக அறுத்துக் கொடுத்தார்.

அதற்குள் என்ன இருக்கிறது என்று அவள் எனக்கு விளங்கப்படுத்தியதை, நான் விளங்கிக்கொண்ட அளவில் எழுதுகிறேன். பாறை உருகிய நிலையிலிருந்து ஆறும்போது, அதற்குள் இருக்கும் இரும்பு மணிகள் அந்த நேரத்தில் பூமியின் காந்தம் எந்தப் பக்கம் இழுத்ததோ அந்தப் பக்கம் பார்த்தபடி இறுகிவிடும். பிறகு நிலம் எங்கே நகர்ந்தாலும் மணிகளின் முகம் மாறாது. அந்த முகத்தைக் கண்டுபிடித்தால், கல் இறுகியபோது இந்த நிலம் பூமியின் எந்தப் பகுதியில் இருந்தது என்று ஓரளவு சொல்லலாம். தொல்லை என்னவென்றால், எல்லா மணியும் உறுதியானவை அல்ல. சில, கல்லை எப்படி வைக்கிறோமோ அப்படித் தலையைத் திருப்பிக்கொள்ளும். வெளிநாட்டில் கல்லை மின்சூளையில் வைத்து அவற்றைக் கழித்துவிடுவார்கள். சூளை இல்லாதவர்களுக்குப் பொறுமையான வழி ஒன்று உண்டு. கல்லை ஒரு நிலையில் இரண்டு கிழமை, பதினாலு நாள், அசையாமல் வைத்து அளக்க வேண்டும். பிறகு தலைகீழாக்கி இன்னும் இரண்டு கிழமை வைத்து அளக்க வேண்டும். இரண்டிலும் மாறாமல் நிற்பது பழையது. மாறியது இப்போது ஒட்டிக்கொண்டது.

கருவியை அவளே செய்தாள். ஒரே பலமுள்ள இரண்டு காந்தத் துண்டுகளை ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் பார்க்க வைத்து, கண்ணாடிக் குச்சியின் மேலும் கீழும் ஒட்டி, ஒளி தெறிக்க நடுவில் ஒரு சின்ன முகக்கண்ணாடித் துண்டும் வைத்து, பட்டு இழையில் தொங்கவிட்டாள். பூமியின் இழுப்பு இரண்டையும் எதிரெதிராக இழுப்பதால் குச்சி திரும்பாது. ஆனால் கீழ்த் துண்டுக்கு அருகில் ஒரு கல்லை வைத்தால் அந்தக் கல்லுக்கு மட்டும் திரும்பும். காற்றுப் படாமல் இருக்கப் பம்போடு வந்த கண்ணாடி மணியால் அதை மூடினாள். வடக்கு அறையில், நிலத்துக்குள் இறக்கிய கல் தூண் ஒன்றின் மேல் எல்லாம் நின்றது.

அங்கே வைத்தும் சில வருடம் ஒன்றும் ஆகவில்லை. வீட்டின் பின் மதிலுக்கு அப்பால் ரயில் பாதை. ஒவ்வொரு ரயிலுக்கும் ஒளிப்புள்ளி சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும். ரயில் இல்லாத நேரத்தில் மின்கம்பி. மின்கம்பி ஓய்ந்தால் லொறி. பிறகு தொண்ணூறாம் ஆண்டு போர் மறுபடி மூண்டது. ரயில் நின்றது, கரண்ட் போனது, பெற்றோல் இல்லை. ஊரே எதையெல்லாம் இழந்தோம் என்று கதைத்துக்கொண்டிருந்தபோது, அருந்ததியின் அறையில் ஒளிப்புள்ளி முதன்முதலாக அசையாமல் நின்றது. அதை மற்றவர்களிடம் சந்தோசமாகச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பிற்பாடு எனக்குச் சொன்னாள். உலகத்தில் பெரிய ஆய்வுகூடங்கள் காசைக் கொட்டி வாங்குகிற அமைதி எங்கள் ஒழுங்கைத் தெருவுக்குச் சும்மா வந்திருக்கிறது என்றாள். மின்குமிழுக்குப் பதிலாக ஜாம் போத்தல் விளக்கு வைத்தாள். அதன் தகர மூடியைக் கழற்றிவிட்டு மண்ணால் ஒரு மூடி செய்தாள்.

கற்களை இரண்டு நிலையிலும் ஒரு தடவை முழுதாக அளந்து முடிக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். இந்த அமைதி எவ்வளவு காலம் நிற்கும், நாங்கள் இந்த வீடுகளில் எவ்வளவு காலம் இருப்போம் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அவள் அவசரப்பட்டாள், அவசரப்படக்கூடாத ஒரு வேலையில்.

தொண்ணூற்றிரண்டின் தொடக்கத்தில் பஞ்சலிங்கம் விழுந்தார். பதுங்குகுழிகளுக்காக ஆட்கள் தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்க்க என்று மத்தியான வெயிலில் போனவர், பாதையோரத்தில் சரிந்துவிட்டார். பாரிசவாதம். இடது பக்கம் முழுதும் போய்விட்டது, வாய் கோணியது, புத்தி தெளிவாக இருந்தது. என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் பார்த்தபோது அவர் நிலத்தில் பாயில் கிடந்தார். இடுப்பெலும்புக்கு மேல் தோல் சிவக்கத் தொடங்கியிருந்தது. இப்படிக் கிடந்தால் ஒரு மாதத்தில் புண் எலும்பைத் தொடும் என்று அருந்ததிக்குச் சொன்னேன். தலைப்பக்கம் உயர்த்திப் பதிக்கக்கூடிய ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று எனக்குத் தெரிந்த இடத்தில் சும்மா கிடக்கிறது, எடுத்துத் தருகிறேன் என்றேன். என்ன கட்டில் என்று கேட்டாள். இரும்புக் கட்டில்.

அவரை வேறு அறைக்கு மாற்ற முடியாது. தெற்கு அறையின் ஓடுகள் செல் குண்டு விழுந்து போய்விட்டன. இருந்த ஒரே அறை கருவி அறையோடு ஒட்டியது. சுவருக்கு இந்தப் பக்கம் கட்டில், அந்தப் பக்கம் கல் தூண்.

"கட்டிலைக் கொண்டுவாங்கோ மிஸி," என்றாள். "நான் கருவி அறையைப் பூட்டி வைக்கிறன்."

பாயிலிருந்து சத்தம் வந்தது. கோணிய வாயால் மெதுவாகச் சொன்னார்.

"உந்தக் கட்டில் வந்தால் நான் நிலத்திலைதான் கிடப்பன்."

"நிலத்திலை கிடந்தால் உங்களை ஆர் தூக்கிறது அண்ணை? என்ரை இடுப்பை முறிக்கவோ?" என்றேன்.

"வேலைக் காலம் முழுக்க இரும்பிலைதானே நடந்தனான். காணும், இனி வேண்டாம்."

நோயாளி மாட்டேன் என்று சொல்வது எனக்குப் புதிதல்ல. பொதுவாக நான் கேட்பதில்லை. ஆனால் இந்த வீட்டில் அவர் சொன்னது சரி என்று பட்டது. நாள் முழுதும் ஒருவரைக் கழுவித் துடைத்துத் திருப்பிப் போடுகிறவருக்குத் தனக்கென்று வேறொரு வேலையும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் மாதத்திலேயே கை முரடாகிவிடும். வார்டில் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

அடுத்த நாள் குருநகரில் வள்ளம் கட்டும் யாகோப்பிடம் போனேன். ஓர் ஆணிகூட இல்லாமல் கட்டில் வேண்டும் என்றேன். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சத்தம் வரப்படாது எண்டோ மிஸி? புதுமாப்பிள்ளையோ?"

"எழுபத்தொரு வயசுப் புதுமாப்பிள்ளை. பாரிசவாதம்."

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு அளவு கேட்டார். பூவரசங்கட்டையில், மர முளை அடித்து, கயிறு பின்னி, தலைப்பக்கத்தைப் படிப்படியாக உயர்த்தித் தாங்கும் பல்லுக்கட்டை ஒன்றும் வைத்துச் செய்து தந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலைவிடப் பாரம், ஆனால் வேலை செய்தது. மேலே இலவம்பஞ்சு மெத்தை போட்டோம்.

பிறகு அந்த வீடு ஓர் ஒழுங்குக்கு வந்தது. தகப்பனை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். கற்களை இரண்டு கிழமைக்கு ஒருமுறை. காலையில் நான் வந்து உடம்பு துடைத்து, தோலைப் பார்த்து, மடங்கிப்போன கைவிரல்களை நீட்டிப் பயிற்சி கொடுப்பேன். அருந்ததி பாடசாலையால் வந்து மாற்றிக்கொள்வாள். பகலில் இடையில் இரத்தினம்மா அக்கா. பஞ்சலிங்கம் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் முறை வரும்போது, அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பார். "கல்லுக்கு இண்டைக்குத் திருப்பமில்லையோ? அதுகள் குடுத்து வைச்சதுகள்," என்பார்.

வைகாசியில் முதல் நிலையின் அளவு தொடங்கியது. அப்போதுதான் பிழை தெரிந்தது.

கல் வைக்கும் முன் ஒளிப்புள்ளி அளவுகோலின் நடுக்கோட்டில் நிற்க வேண்டும். கல்லை வைத்தால் நகரும். எடுத்தால் பழைய இடத்துக்கே வர வேண்டும். வரவில்லை. சில நேரம் இரண்டு கோடு தள்ளி நின்றது, சில நேரம் மூன்று. சில நாள் சரியாக வந்தது. எந்த ஒழுங்கும் இல்லை. அருந்ததி பட்டு இழையை மாற்றினாள். விளக்கை மாற்றினாள். பக்கத்து வளவுப் பதுங்குகுழிக்கு மேல் தண்டவாளத் துண்டுகள் கிடந்தன. அவை அசைவதில்லை, ஆகவே காரணம் அவை அல்ல என்றாள். பொம்மர் விமானம் வரும் நேரத்து அளவுகளை அவள் எப்போதும் தானே அடித்துவிடுவாள், அவையும் இல்லை. ஏதோ ஓர் இரும்பு வீட்டுக்குள் நடமாடுகிறது.

வீட்டைக் கவிழ்த்துத் தேடினார்கள். தேங்காய்த் திருவலையும் கத்திகளும் முன்பே கிணற்றடிக் கொட்டிலுக்குப் போய்விட்டன. இப்போது அலுமாரிப் பூட்டு, சுவர் ஆணிகள், சாமிப் படத்தின் பின்பக்கத் தகரம்வரை போயின. எல்லாரையும்விட மும்முரமாகத் தேடியவர் இரத்தினம்மா அக்காதான். பரணில் ஏறி, யாரோ எப்போதோ வைத்த லாடம் ஒன்றைக்கூடக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். புள்ளி அடுத்த நாளும் தள்ளித்தான் நின்றது.

அருந்ததி மெலிந்தாள். இரண்டு கிழமை அசையாமல் வைத்த கற்களின் அளவு நம்ப முடியாமல் போனால், அந்த இரண்டு கிழமையும் வீண். கல்லைத் திரும்பவும் அதே நிலையில் வைத்துத் தொடங்க வேண்டும். தொடங்கினாலும் புள்ளி நிற்காவிட்டால் என்ன பயன். தன்னுடைய கருவியே பிழையோ என்று ஒரு நாள் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும். சாப்பிடு என்றேன்.

ஒரு காலை பஞ்சலிங்கத்தைப் பக்கவாட்டில் திருப்பினேன். இடது இடுப்பில் ஒரு சிவப்பு அடையாளம். படுக்கையால் வரும் சிவப்பு வட்டமாக, எலும்பு எங்கே அழுத்துகிறதோ அங்கே வரும். இது நீளமாக இருந்தது. ஒரு நுனி அகலமாக, மறுநுனி ஒடுங்கி, பக்கங்கள் நேர்கோடாக. விரலால் அழுத்தினேன். வெளிறவில்லை. அழுத்தி வெளிறாத சிவப்பு என்றால் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது. மெத்தையைத் தடவிப் பார்த்தேன். ஓரத்தில் தையல் பிரிந்திருந்தது. கையை விட்டேன். பஞ்சுக்குள் சிலிப்பர்க் கட்டை ஆணி ஒன்று இருந்தது. தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்து வைக்கிற, என் கைவிரலைவிடத் தடித்த ஆணி.

அன்று சனிக்கிழமை, அருந்ததி வீட்டில் நின்றாள். ஆணியைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். இரத்தினம்மா அக்கா குசினி வாசலில் நின்றார். ஒளிக்க முயலவில்லை.

"நான்தான் வைச்சனான்," என்றார்.

"மாமி, எல்லாத்தையும் நீங்களும் சேந்துதானே தேடினியள்."

"தேடினனான்தான். மற்ற இரும்பெல்லாம் எனக்கெதுக்கு?"

கதை இப்படித்தான் வெளியே வந்தது. தம்பி விழுந்தது உச்சி வெயிலில், ஆளில்லாத ரயில் பாதையில். அந்தப் பாதையில் அடிபட்டுச் செத்தவர்கள் எத்தனை பேர். நோயாளியின் படுக்கையில் இரும்பு வைக்காமல் எந்த வீட்டில் விடுவார்கள்? பிள்ளைப்பெற்ற பெண்ணுக்கே வைக்கிறோம். எங்கே பிடித்ததோ அந்த இடத்து இரும்புதான் பலம் என்று, கழற்றிப் போட்டிருந்ததில் ஒன்றை எடுத்து வந்திருக்கிறார். முதலில் தலையணைக்குக் கீழ். அருந்ததி தலையணையைத் தட்டும் நேரத்தில் மடிக்குள். நான் வரும் நேரத்தில் குசினியில் பனையோலை உமல் பைக்குள். நான் போனபின் மெத்தைக்குள். அன்று நான் வழக்கத்தைவிட முந்தி வந்துவிட்டேன். எடுக்க நேரம் கிடைக்கவில்லை. அந்த ஆணி அந்த வீட்டில் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை நடந்திருக்கிறது.

"இது அவரின்ரை தோலை அறுக்குது அக்கா," என்றேன். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் புண்."

"புண் ஆறும். பேய் பிடிச்சால் ஆறுமோ? எட்டு வீட்டுக்குக் கேக்கக் குறட்டை விட்டு நித்திரை கொள்ளுறானே, ஆராலை?"

உள்ளேயிருந்து பஞ்சலிங்கத்தின் குரல் வந்தது. "குறட்டை என்ரை. உங்கடை இல்லை."

அருந்ததி எழுந்தாள். அவள் ஆணியைக் கிணற்றுக்குள் எறியப் போகிறாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் எறிந்திருப்பேன். அவள் அதை என் கையில் தந்து, மாமியைக் கைபிடித்து வடக்கு அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். யன்னலைச் சாத்தி, விளக்கைக் கொளுத்தி, ஒளிப்புள்ளி விழும் அளவுகோலுக்கு முன்னால் கதிரை போட்டு அவரை இருத்தினாள். என்னைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று ஆணியோடு கட்டிலின் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு மெதுவாக நடக்கச் சொன்னாள். நடந்தேன். திரும்பி வரச் சொன்னாள். வந்தேன். இரண்டு அறைக்கும் இடையிலிருந்த கதவு திறந்திருந்ததால் பேச்சு கேட்டது.

"உது ஓடுது," என்றார் இரத்தினம்மா அக்கா. "மிஸி நடக்க நடக்க ஓடுது. உது பேயைக் காட்டுற மெசினோ?"

"இல்லை மாமி. உங்கடை ஆணியைக் காட்டுது."

"சுவரைத் தாண்டியோ?"

"ஓம். சுவர் அதை மறிக்காது."

பிறகு அவர் வெளியே வந்தார். தோற்றவர் மாதிரி வரவில்லை. முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தியளே மிஸி. சுவருக்கு அங்காலையும் இதின்ரை சக்தி போகுது. மெசினே சொல்லுது. பேந்து பேய் எப்பிடிக் கிட்ட வரும்?"

அருந்ததி மறுத்துப் பேசவில்லை.

"அப்ப மாமி, அது மெத்தைக்குள்ளைதான் இருக்கோணும் எண்டில்லையே. சுவரிலை இருந்தாலும் காணும்தானே?"

அவர் யோசித்தார். "காணும். ஆனால் அறைக்குள்ளை இருக்கோணும்."

"இருக்கட்டும். உங்களுக்கு விருப்பமான இடத்தைக் காட்டுங்கோ. ஒரே ஒரு விசயம், வைச்சால் பேந்து எடுக்கப்படாது. அசையாத இரும்பு என்னை ஒண்டும் செய்யாது. நடக்கிற இரும்புதான்."

கட்டிலின் கால்மாட்டில், வாசல் நிலைக்கு அருகில் இடம் குறிக்கப்பட்டது. அங்கே வைத்தால் வாசலால் வருவதையும் மறிக்கும் என்று அக்கா திருப்திப்பட்டார். கருவிக்கு அது எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது என்று அருந்ததியும் திருப்திப்பட்டாள். சுவரில் துளை போட்டு, ஆணியை உள்ளே செருகி, சுண்ணாம்புச் சாந்தால் பூசினோம். அக்கா அதற்கு மேல் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பஞ்சலிங்கம், "என்னையும் சுவரிலை பூசி விடுங்கோ, திருப்புற வேலை மிச்சம்," என்றார். பிறகு ஒரு சந்தேகம் கேட்டார். தன்னை இத்தனை தடவை உருட்டுவதால் புள்ளி நகருவதில்லையா?

"உங்களிலை இரும்பு காணாது ஐயா," என்றாள் அருந்ததி. "மிஸியைக் கேளுங்கோ."

உண்மைதான். கண் மடலைத் திருப்பிப் பார்த்தால் வெளிறித்தான் இருந்தது. முருங்கையிலை கொடுக்கச் சொல்லியிருந்தேன்.

அருந்ததி காந்தத் துண்டு ஒன்றைக் கருவிக்குப் பின்னால் வைத்து, அதைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஆணியின் இழுப்பைச் சரிக்கட்டிப் புள்ளியை நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்தாள். அது அங்கேயே நின்றது. மத்தியானமும் நின்றது, அடுத்த நாளும் நின்றது. பழைய அளவுகள் எல்லாவற்றையும் ஒரே கோட்டால் அடித்துவிட்டு, கற்களை முதல் நிலையிலேயே மறுபடி அடுக்கினாள். எந்த அளவு பிழை, எது சரி என்று பிரிக்கப் பார்த்தாயா என்று கேட்டேன். ஆணி எந்த நேரத்தில் எங்கே இருந்தது என்று மாமிக்கே தெரியாது, பிரித்து என்ன செய்வது என்றாள். எனக்கு அந்தப் பதில் பிடித்தது. அழுக்கான கட்டுத் துணியைத் துவைத்துத் திரும்பக் கட்டக்கூடாது. புதிதாகத்தான் கட்ட வேண்டும்.

இடுப்புச் சிவப்பு மங்க ஒரு கிழமை சென்றது. அந்த ஒரு கிழமையும் இடது பக்கம் படுக்க விடவில்லை. அவர் சுவரைப் பார்க்க முடியாமல் முறுமுறுத்தார்.

இரண்டு கிழமையில் முதல் நிலை அளந்தாள். தலைகீழாக்கினாள். ஆனி மாதக் காற்று ஓட்டின் இடுக்கால் புழுதியைக் கொட்டியது. கற்களை அசைக்காமல் கோழியிறகால் தட்டினாள். இரண்டாம் நிலை அளக்கும் நாட்களில் பாடசாலைக்கு லீவு போட்டாள். அவள் புள்ளியைப் பார்த்து இலக்கத்தைச் சொல்வாள். விளக்குக்கு முதுகு காட்டி உட்கார்ந்து எழுதிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். நான் எழுதினேன். காய்ச்சல் அட்டை எழுதிப் பழகிய கை, இலக்கம் தவறாது. ஒவ்வொரு கல்லையும் ஆறு பக்கமும் திருப்பித் திருப்பி வைத்தாள். எடுத்தபின் புள்ளி நடுவுக்கு வந்ததா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தாள். வந்தது.

கணக்குப் போட அவளுக்குச் சில நாள் சென்றது. பத்துக் கற்கள் கழிந்தன. அவை வைத்த பக்கமெல்லாம் தலையை ஆட்டுகிறவை, ஒன்றுக்கும் உதவாது என்றாள். மற்றவை இரண்டு நிலையிலும் மாறவில்லை. மாறாதது மட்டுமல்ல, அம்புக்குறியை வைத்து எல்லாவற்றையும் பாறையில் இருந்தபடி நிறுத்திப் பார்த்தால், நரம்பின் ஒரு முனையில் பெயர்த்த கல்லும் மறுமுனையில் பெயர்த்த கல்லும் ஒரே திசையைக் காட்டின. அதைச் சொல்லும்போது அவள் குரல் மாறவில்லை. ஆனால் சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய், தானே நாலு பேருக்கும் தேத்தண்ணி போட்டாள். அவள் தேத்தண்ணி போட்டு நான் அதற்கு முன் கண்டதில்லை. சாயம் கடுமை, சர்க்கரைத் துண்டு பெரிது. குடித்தோம்.

பிறகு ஒரு கல்லை எடுத்துக்கொண்டு தகப்பனிடம் போனாள். நான் பல்லுக்கட்டையை ஏற்றி அவருடைய தலைப்பக்கத்தை உயர்த்தினேன். கல்லை அவருடைய நல்ல கையில் வைத்து, மணிக்கட்டைப் பிடித்து அம்புக்குறி வடக்கைப் பார்க்கத் திருப்பினாள். யாழ்ப்பாணம் பூமியின் மத்திய கோட்டுக்குக் கிட்ட; இங்கே காந்த ஊசியைத் தொங்கவிட்டால் அது அநேகமாகக் கிடையாக நிற்கும், கோட்டிலிருந்து தூரம் போகப் போகச் சரியும். இந்தக் கல்லுக்குள் இருக்கும் ஊசி அப்படி இல்லை. ஈர்க்குத் துண்டு ஒன்றைக் கல்லின் மேல் வைத்து அது எப்படி நிற்கிறது என்று காட்டினாள். ஈர்க்கு வானத்தைப் பார்த்து, கிட்டத்தட்டச் செங்குத்தாக நின்றது.

"இது இறுகேக்கை இந்த நிலம் இஞ்சை இல்லை ஐயா. மத்திய கோட்டிலை இருந்து சரியான தூரம்."

"வடக்காலையோ தெற்காலையோ?"

"இந்த ஒரு நரம்பை வைச்சு அதைச் சொல்லேலாது. தூரம் எண்டு மட்டும் சொல்லலாம்."

அவர் கல்லை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். ரயில் பாதைக்காக எத்தனையோ வண்டில் சல்லி ஏற்றி இறக்கியவர்.

"அவ்வளவு தூரம் வந்திருக்கு," என்றார். "ஒருத்தனும் ரிக்கற் கேக்கேல்லை."

அருந்ததி சிரித்தாள். அந்த வருடத்தில் அவள் சத்தமாகச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். இரத்தினம்மா அக்கா கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு, கல் அளந்து முடிந்துவிட்டதா, இனிமேல் வீடு வீடாக இருக்குமா என்று கேட்டார். அருந்ததி, நரம்புக்குப் பக்கத்தில் இருந்த சாம்பல் நிறப் பாறையிலும் ஒரு சாக்குக் கல் கொண்டுவந்திருந்தாள். அது இன்னும் அறுக்கப்படாமல் கொட்டிலில் கிடந்தது. அந்தப் பாறை இன்னும் பழையது. திங்கட்கிழமை அம்மி கொத்துகிறவரிடம் ஆள் அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவள் தகப்பனின் தோளைப் பிடித்தாள். நான் இடுப்பைப் பிடித்தேன். வலது பக்கம் திருப்பினோம். முதுகைப் பார்த்தேன். தோல் முழுதாக, காய்ந்து, சுத்தமாக இருந்தது.